காய்ச்சல் சிரப் எத்தனை எம்.எல்.? முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

"பாப்பாவுக்குக் காய்ச்சல். எத்தனை எம்.எல். கொடுக்கணும்?" பாட்டிலைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைக்கு 5 எம்.எல். கொடுத்திருப்பார். அது 5 எம்.எல்.லில் 120 எம்.ஜி. பாராசிட்டமால் உள்ள 120 சிரப்பாக இருந்திருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது 250 என்றால், அதே 5 எம்.எல்.லில் மருந்து இரண்டு மடங்குக்கும் மேல்.

பாராசிட்டமால் நல்ல மருந்து. சரியான அளவில், சரியான இடைவெளியில் கொடுத்தால் கைக்குழந்தை முதல் பெரியவர் வரை தாங்கும். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்தும் இதுதான். வீடுகளில் அளவு மீறுவது பெரும்பாலும் அலட்சியத்தால் இல்லை. எம்.ஜி., எம்.எல். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். எம்.ஜி. என்பது மருந்தின் எடை. எம்.எல். என்பது அந்த மருந்து கரைந்திருக்கும் தண்ணீரின் அளவு. உடம்புக்குள் வேலை செய்வது எம்.ஜி. மட்டும்.

மூன்று வகை பாட்டில்

நம் ஊர் மெடிக்கலில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது. கால்பால், குரோசின், டோலோ என்று அட்டையின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை விடுங்கள். பாட்டிலைத் திருப்பினால் "ஒவ்வொரு 5 எம்.எல்.லிலும்" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் பாராசிட்டமால் ஐ.பி. என்பதற்கு நேரே நிற்கும் எண்தான் நமக்கு வேண்டியது.

5 எம்.எல்.லுக்கு 120 அல்லது 125 எம்.ஜி. என்று இருந்தால் அது சாதாரண சிரப். 5 எம்.எல்.லுக்கு 250 எம்.ஜி. என்றால் அது அடர்த்தி கூடியது. சில கம்பெனிகள் பெயருக்குப் பின்னால் டி.எஸ். (இரட்டை அடர்த்தி) என்றோ 250 என்றோ சேர்த்திருப்பார்கள். மூன்றாவது, கைக்குழந்தைக்கான டிராப்ஸ். 15 எம்.எல். அளவில் சின்ன பாட்டில், கூடவே ஒரு ஃபில்லர். பார்க்க அப்பாவி போல இருக்கும் இந்தக் குட்டி பாட்டில்தான் மூன்றிலும் அடர்த்தி அதிகம். ஒரே ஒரு எம்.எல்.லில் 100 எம்.ஜி. இருக்கிறது.

கைக்குழந்தைக்கு என்று சொல்லி விற்பதால் அது லேசான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தையின் வாய் சிறியது, அதிகம் விழுங்காது, அதனால் கொஞ்சம் திரவத்துக்குள் நிறைய மருந்தை அடக்கியிருக்கிறார்கள். 10 கிலோ குழந்தைக்குச் சாதாரண சிரப்பில் கொடுக்க வேண்டிய 6 எம்.எல்.லை மறந்துபோய் டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 600 எம்.ஜி. உள்ளே போகும். ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவு ஒரே விழுங்கில் முடிந்துவிடும்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். மெடிக்கலில் கேட்ட பிராண்ட் இல்லையென்றால், "அதே மருந்துதான்மா, கம்பெனிதான் வேற" என்று வேறொன்றை எடுத்துக் கொடுப்பார்கள். மருந்து அதேதான். அடர்த்தி அதே என்று பொருள் இல்லை. கடையை விட்டு நகர்வதற்கு முன் எண்ணைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் டைலெனால் பாட்டிலில் பாராசிட்டமால் என்ற சொல்லே இருக்காது. அசிட்டமினோஃபென் என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே பொருள். அதன் அடர்த்தி 5 எம்.எல்.லுக்கு 160 எம்.ஜி. என்பதால் கீழே வரும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

எடைதான் கணக்கு

வயதை வைத்து அளவு சொல்வது தோராயம்தான். இரண்டு வயதில் 9 கிலோ பிள்ளையும் உண்டு, 14 கிலோ பிள்ளையும் உண்டு. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 எம்.ஜி. என்பது உச்சம். 10 எம்.ஜி.யிலிருந்தே மருந்து வேலை செய்யும்.

எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்க்கலாம். வீட்டில் எடை மெஷின் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். அரை கிலோ முன்பின் ஆனால் பரவாயில்லை. எடையைத் தேதியோடு தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் குறித்து வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்குத் தேட வேண்டியிருக்காது.

இப்போது பெருக்கல். கால்குலேட்டர்கூட வேண்டாம்:

டிராப்ஸ் (1 எம்.எல்.லில் 100 எம்.ஜி.): எடை × 0.15
அடர்த்தி கூடிய சிரப் (5 எம்.எல்.லில் 250): எடை × 0.3
சாதாரண சிரப் (5 எம்.எல்.லில் 120 அல்லது 125): எடை × 0.6

வருவது ஒரு வேளைக்கு எத்தனை எம்.எல். என்ற கணக்கு. 0.15, அதன் இரட்டிப்பு 0.3, அதன் இரட்டிப்பு 0.6 என்று நினைவில் வைத்தால் போதும். 10 கிலோ குழந்தைக்கு டிராப்ஸ் 1.5 எம்.எல்., 250 சிரப் 3 எம்.எல்., 120 சிரப் 6 எம்.எல். மூன்றிலும் உள்ளே போவது ஏறக்குறைய ஒரே அளவு மருந்து. 15 கிலோ என்றால் 250 சிரப்பில் 4.5, 120-இல் 9. 20 கிலோ என்றால் 6, 12. இடையில் வரும் எண்ணை எப்போதும் கீழ்ப்பக்கமாகவே முழுமையாக்குங்கள். 3.6 வந்தால் 3.5 போதும், 4 வேண்டாம்.

உயரத்துக்கு மீறிய எடை உள்ள பிள்ளைக்கு இந்தப் பெருக்கலை அப்படியே நம்பாமல் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். எடை எவ்வளவாக இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைக்கு 500 எம்.ஜி.யைத் தாண்ட வேண்டாம். மஞ்சள் காமாலையோ வேறு கல்லீரல் கோளாறோ இருந்த குழந்தை, நாலைந்து நாளாகச் சாப்பாடே இறங்காத குழந்தை, மிகவும் மெலிந்த குழந்தை ஆகியோருக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடலாம். அவர்களுக்கு வீட்டுக் கணக்கு கூடாது.

பெரியவர்களின் மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். 500 மாத்திரையில் கால் பங்கு என்பது காகிதத்தில் 125 எம்.ஜி. அரிவாள்மனையில் வெட்டினால் நான்கு துண்டும் ஒரே அளவில் வராது. 5 கிலோ கைக்குழந்தைக்கு அந்தக் கால் பங்கே அதிகம், அதற்கு உச்சம் 75 எம்.ஜி.தான். தடுப்பூசி போட்ட அன்று நர்ஸ் மாத்திரை கொடுத்தால், "இவ எடைக்கு எவ்வளவு, டிராப்ஸாக் கொடுத்தா எத்தனை எம்.எல்.?" என்று அங்கேயே கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

எத்தனை மணிக்கு ஒரு முறை

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் அதற்குள் ஏறிக் குழந்தை துவண்டால் நான்கு மணி நேரம் முடிந்த பிறகு கொடுக்கலாம். அதற்கு முன் எக்காரணம் கொண்டும் கூடாது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் என்பதை விடிந்ததிலிருந்து எண்ணாமல், முதல் வேளை கொடுத்த மணியிலிருந்து எண்ண வேண்டும்.

டாக்டர் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். காய்ச்சல் இல்லாத நேரத்தில் வேளை தவறாமல் கொடுக்க வேண்டியதில்லை. தூங்குகிற பிள்ளையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம்.

இரட்டை வேளை நடப்பது இப்படித்தான். அம்மா எட்டு மணிக்கு மருந்து கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். ஒன்பதரைக்குக் குழந்தையைத் தொட்டுப் பார்த்த பாட்டி, "இன்னும் சுடுதே, மருந்து கொடுக்க மறந்துட்டாளோ" என்று தானும் ஊற்றிவிடுகிறார். இருவர் மனதிலும் இருந்தது அக்கறைதான். பாட்டிலில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வையுங்கள். கொடுத்தவர் மணியையும் அளவையும் உடனே எழுத வேண்டும்: "காலை 8.10, 250 சிரப், 3 எம்.எல்." மருந்தை எடுக்க வருகிற யாரும் அதைப் பார்க்காமல் மூடியைத் திறக்க முடியாது. டாக்டரிடம் போகும்போதும் அந்தக் காகிதம் கையில் இருந்தால், அவர் கேட்கிற முதல் கேள்விக்கே சரியான பதில் கிடைக்கும்.

அளந்து ஊற்றுவது

சமையலறை ஸ்பூனை மறந்துவிடுங்கள். டீஸ்பூன் என்று நாம் சொல்வதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. சங்கில் ஊற்றிப் புகட்டினால் கொழகொழப்பான சிரப் சங்கின் வளைவில் ஒட்டி நின்றுவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று சொல்லவே முடியாது. பாட்டிலோடு வரும் அளவு மூடி பரவாயில்லை. அதைக் கையில் பிடித்து மேலிருந்து பார்க்காமல், மேசைமேல் வைத்துக் குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி பாருங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது 5 எம்.எல். ஊசிக்குழல். எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஊசியைக் கழற்றி, அதன் சின்ன மூடியையும் சேர்த்து உடனே குப்பையில் போடுங்கள். அந்த மூடி தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். இது கரைசலாக இல்லாமல் தூள் மிதக்கிற சஸ்பென்ஷனாக இருந்தால், குலுக்காத பாட்டிலில் மேலே தண்ணீரும் அடியில் மருந்தும் தங்கிவிடும். முதல் நாள் காய்ச்சல் இறங்காததற்கும், பாட்டில் முடிகிற தறுவாயில் அளவு கூடிப்போவதற்கும் இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் மருந்தை மூடியில் ஊற்றி, குழலை அதில் முக்கி இழுங்கள். காற்றுக் குமிழ் வந்தால் நுனியை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றுங்கள். உள்ளே தெரியும் கறுப்பு ரப்பரில், மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு.

குழந்தையை மடியில் சாய்த்து உட்கார வையுங்கள், மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். குழலின் நுனியை நாக்கின் நடுவில் வைக்காமல் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து, ஒரு எம்.எல். தள்ளி, விழுங்கியதும் அடுத்தது. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூச்சுக்காகத் திணறும்போது மருந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு பாட்டில் பாலில் கலக்கவும் வேண்டாம். பாதிப் பாலைக் குடித்துவிட்டு மீதியைத் தள்ளினால் எவ்வளவு மருந்து போனது என்பது தெரியாமல் போகும். முடிந்ததும் தாய்ப்பாலோ, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஒரு வாய்த் தண்ணீரோ கொடுக்கலாம்.

டிராப்ஸின் ஃபில்லரை அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். வைட்டமின் டி டிராப்ஸின் ஃபில்லரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், கோடுகள் வேறு.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தியில் வந்துவிட்டால் அதே அளவை ஒரு முறை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் பாதி உள்ளே போயிருக்கும், அடுத்த வேளை வரை காத்திருங்கள். எதுவுமே தங்காத குழந்தைக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை உண்டு. 80, 170, 250 எம்.ஜி. என்று கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் பாராசிட்டமால்தான் என்பதால் சிரப்போடு சேர்த்து அதே நான்கு வேளைக் கணக்கில் வரும்.

எப்போது கொடுப்பது, எதை எதிர்பார்ப்பது

கைவைத்துப் பார்ப்பது போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை வியர்வை துடைத்த அக்குளில் வைத்து, கையை உடலோடு அணைத்துப் பிடித்து, பீப் வரும்வரை காத்திருங்கள். 100.4 தாண்டினால் காய்ச்சல். ஆனால் 101 இருந்தும் விளையாடிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு மருந்து கட்டாயமில்லை. மருந்து கொடுப்பது குழந்தையின் வேதனைக்காக, எண்ணைக் குறைப்பதற்காக இல்லை. உடம்புவலி, தலைவலி, காதுவலி, அழுகை, சாப்பிட மறுப்பது என்று இருந்தால் கொடுங்கள்.

மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 103 இருந்தது 101 ஆனால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. 98.6-க்கு வரவில்லை என்று இன்னொரு வேளை ஊற்றுவதுதான் தவறு. நடுவில் மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, அடிக்கடி ஏதாவது குடிக்கக் கொடுங்கள். கம்பளி போர்த்தி வியர்க்க வைக்க வேண்டாம். துடைப்பதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் பட்டால் உடம்பு நடுங்கிச் சூடு இன்னும் ஏறும்.

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்த வழிகாட்டல் எதுவும் பொருந்தாது. அக்குளில் 99.5 தாண்டினாலே மருந்து கொடுக்காமல் நேரே டாக்டரிடம். அந்த வயதில் காய்ச்சல் ஒன்றே ரத்தத்தில் கிருமி பரவியதற்கான அடையாளமாக இருக்கலாம், மருந்து அதை மறைத்துவிடும்.

பக்கத்து அலமாரியில் இருக்கும் மற்றவை

ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் இரண்டும் காய்ச்சலைச் சட்டென்று இறக்கும். அதனால்தான் கேட்டு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் மழைக்காலக் காய்ச்சல் என்றாலே டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணித்தான் நடக்க வேண்டும். டெங்குவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். இந்த மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுத்து, வயிற்றுக்குள் கசிவை உண்டாக்கும். வாந்திபேதியால் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டர் நேரில் பார்த்து எழுதினால் மட்டுமே. சில சிரப்புகளில் ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும், அதற்குமேல் தனியாகப் பாராசிட்டமால் கொடுத்தால் இரட்டை வேளை ஆகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லும் அறிவுரையையும் டாக்டர் சொல்லாமல் பின்பற்ற வேண்டாம், ராத்திரி அரைத் தூக்கத்தில் எது எப்போது என்பது குழம்பும்.

நிமெசுலைடு என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தர 2011-லேயே இந்திய அரசு தடை விதித்துவிட்டது. பழைய சீட்டை வைத்து வாங்காதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஃப்ளூ, அம்மை போன்ற வைரஸ் காய்ச்சலில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோயை உண்டாக்கக்கூடும்.

சளி சிரப்பைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். சளி, தும்மலுக்கு என்று விற்கும் பல சிரப்புகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் கொடுப்பவர் தன்னையறியாமல் அளவைக் கூட்டுகிறார். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்து தரவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு மருந்து போதும். எந்த மருந்து வாங்கினாலும் பேட்ச் எண்ணோடு பில் வாங்குங்கள். ஒரு பேட்ச் தடைசெய்யப்பட்டால், வீட்டில் இருப்பது அதுதானா என்று பார்க்க வேறு வழியில்லை.

மருந்தோடு நிற்காமல் கிளம்ப வேண்டிய நேரம்

காய்ச்சல் மூன்றாவது நாளை எட்டினால், மருந்துக்கு இறங்கினாலும்கூட, டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புப் பக்கம் உள்ளே இழுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, கழுத்தை வளைக்க முடியாதது, அழுத்தினாலும் மறையாத செம்புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே காத்திருக்க வேண்டாம்.

டெங்குவில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. நான்காம், ஐந்தாம் நாள் காய்ச்சல் விடும், வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப்போவது, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றைப் பார்த்தால் உடனே மருத்துவமனை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். பாராசிட்டமால் கொடுத்தால் அது வராது என்பதற்கில்லை, எனவே பயத்தில் அளவைக் கூட்ட வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். கையில் சாவி, இரும்பு வைக்க வேண்டாம், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ மருந்தோ வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் முறை வந்த வலிப்பு என்றால், தானாக நின்றாலும் அன்றே காட்ட வேண்டும்.

அளவு கூடிவிட்டால்

இனிப்பாக இருப்பதால் பிள்ளையே பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டது, அல்லது நீங்கள் பாட்டில் மாற்றி ஊற்றிவிட்டீர்கள். குழந்தை நன்றாகத்தான் விளையாடும். முதல் 24 மணி நேரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் வெளியில் வரும். அதனால் "நல்லாத்தானே இருக்கான்" என்று உட்காரக் கூடாது. உப்புத்தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலில் எவ்வளவு மீதி, எத்தனை மணிக்கு நடந்தது என்று பார்த்து, பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு அசிட்டில்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் காப்பாற்றும். மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் உங்களைத் திட்டினாலும் பரவாயில்லை. ஒரே முறை பெரிதாகப் போனதைவிட, இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூடிக்கொண்டே போனதைக் கண்டுபிடிப்பது கடினம். ரப்பர் பேண்டில் செருகிய அந்தக் காகிதம் அங்கேயும் உதவும்.

பாட்டிலை ஃபிரிட்ஜ் மேலேயோ அடுப்படி மேடையிலோ வைக்காமல், பிள்ளைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். டிராப்ஸும் 250 சிரப்பும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாம். பிள்ளை வளர்ந்து டிராப்ஸ் தேவைப்படாதபோது, மீதியை அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடாமல் அப்புறப்படுத்துங்கள்.